அடுப்புக்குழியில் கோதுமை

நிவாரணத் துறையின் தொல்லியல் அதிகாரி சட்டைக் கையை மடித்து, உள்ளே எதையும் ஒளித்து வரவில்லை என்று காட்டிய பிறகுதான், நாக்கிரு அவரைத் தன் முற்றத்துக் குழிக்குள் இறங்கவிட்டாள். மழை பொய்த்த துர்கானா ஏரிக்கரையில் அந்தத் துறையை இப்போது யாரும் நம்புவதில்லை. போன வாரம் பக்கத்து வீட்டில் தோண்டியபோது, ஐயாயிரம் வருடத்து அடுப்பில் கருகிய புல்லரிசி கிடைத்தது. பஞ்சத்தில் புல்லைத் தின்று பிழைக்கத் தெரிந்த வம்சம் என்று எழுதி, அவர்களுடைய ரேஷனை நிறுத்திவிட்டார்கள்.

குழியில் துறை ஆட்கள் நேற்றே தோண்டித் திறந்து வைத்த பழங்கால அடுப்பின் சாம்பலை அதிகாரி தண்ணீரில் கரைத்தார். கருகிய மணிகள் மிதந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“இது நாங்க குடுத்த கோதுமை. நீதானே கருக்கிப் புதைச்சே?”

“எங்க முன்னோருங்க கோதுமைதான் சார் தின்னாங்க.”

“பொய் சொல்லாதே. புல்லு தின்னவங்கதான் நீங்க.”

“ஐயாயிரம் வருஷத்துப் புல்லைக் கண்டுபிடிச்சீங்களே, இந்த வருஷத்துப் புல்லு எங்க இருக்குன்னு காட்டுங்க. போய் அறுத்துட்டு வரேன்.”