வென்லாக்கின் பதினோராவது மறுப்பு

"நம்ம ஆய்வுக்கூடம் ஞாயித்துக்கிழமை பூட்டியிருக்கும்னு இந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டாக்டர் டால்பட் பத்திரிகையை மேசைமேல் போட்டார். தோல் பதனிடும் ஊரான ஆர்ன்வெல்லில் இருபத்திரண்டு ஆண்டுகளாக, ஓக் மரப்பட்டையின் துவர்ப்புச் சத்தான டானினை ஆராய்பவர். அதில் சர்க்கரையே இல்லை என்பது அவர் கட்சி. இருக்கிறது என்று 1901 முதல் ஆண்டு தவறாமல் மறுப்பு எழுதுபவர் லண்டன்காரர் ஆர். வென்லாக். டால்பட் அவரை நேரில் பார்த்ததில்லை.

"இங்கிலாந்துல எந்தக் கூடம் ஞாயித்துக்கிழமை திறந்திருக்கு, டாக்டர்?" உதவியாளர் ஹெஸ்டர் க்வான்ஸ் குடுவை கழுவியபடி கேட்டாள்.

"சனிக்கிழமை மத்தியானம் கரைசலை மூடி வச்சுட்டுக் கிளம்பிடறோமாம். நாம சர்ச்ல பாடிட்டு வர்றதுக்குள்ள பூஞ்சணம் சர்க்கரையைத் தின்னுடுதாம். செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சுப் பாருங்கறான்."

"பாத்தீங்களா?"

"போன வாரம் நீங்க ஜலதோஷத்துல படுத்திருந்தப்ப பாத்தேன்." கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கினார். "சர்க்கரை இருக்கு."

குழாயை மூடினாள் ஹெஸ்டர்.

"ஒத்துக்கப் போறீங்களா?"

"எழுதி அனுப்பியாச்சு. ராஜினாமாவும் கொடுத்தாச்சு. அலுத்துப் போச்சு, மிஸ் க்வான்ஸ். இருபத்திரண்டு வருஷமாப் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு போட்டிருக்கேன்."

"அப்ப இந்தக் கூடம்?"

"தகுதியான ஆள் கிடைக்கலேன்னா மூடிடறாங்க. உங்களுக்கே கொடுங்கன்னு நிர்வாகக் குழுவுல சொன்னேன். 'பொம்பளைக்கா?'ன்னு சிரிச்சாங்க."

"நீங்களும் சிரிச்சீங்களா?"

"அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு ஏது?" கோட்டுப் பையிலிருந்து ஒட்டிய உறையை எடுத்தார். "கடைசியில ஒருத்தரை ஒத்துக்கிட்டாங்க. டானினை வென்லாக் அளவுக்குத் தெரிஞ்சவன் இந்த நாட்டுல இல்லை. என் இடத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன். அவர் வந்தா நீங்களும் இங்கேயே இருக்கலாம். வரலேன்னா மாசக் கடைசியில பூட்டு. தபால்ல போட்டுடுங்க."

"வருவாரா, டாக்டர்?"

"பதினோரு வருஷமா என்னையே விடாத மனுஷன். நாற்காலியையா விடுவார்?"

ஹெஸ்டர் தொப்பியை அணிந்துகொண்டு கீழே இறங்கினாள். தெருமுனைத் தபால் பெட்டியருகே ஒரு கணம் நின்றாள். பிறகு உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தன் அறையை நோக்கி நடந்தாள்.

போட்டாலும் அது லண்டனில் அவள் அக்கா வீட்டுக்குப் போய், மறுதபாலில் அவளிடமேதான் திரும்பி வரும். பதினோரு ஆண்டுகளாக வென்லாக்குக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தன.