சட்டைக்குள் ஒரு பெயர்

"ஒரு எழுத்துகூட மிஞ்சக்கூடாது. சுத்தமா போயிடுமா?"

நாற்காலியில் உட்காரும் முன்பே அந்த அம்மாள் கேட்டது இதைத்தான். பிரிக்பீல்ட்ஸில் பச்சை குத்தவும், குத்தியதை லேசரில் அழிக்கவும் கடை வைத்திருக்கும் விஷ்ணுப்ரியாவுக்கு அப்போதே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

"போயிடும் ஆன்டி. ஆறு தடவை வரணும். வலிக்கும்."

"வலிச்சா பரவால்ல. தையில மகளுக்குக் கல்யாணம். தாரை வார்க்கும்போது இவரு சட்டை போடக்கூடாதுன்னு ஐயர் சொல்லிட்டாரு. சம்பந்தி ஹெட்மாஸ்டர். நெஞ்சுல இதைப் பார்த்தா கேங்ல இருந்த ஆளுன்னு நெனப்பாங்க."

கணவர் பரமேஸ்வரன் கைப்பேசியில் எதையோ படித்து முடித்துவிட்டு, சமர்த்தாக உள்ளறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினார்.

இடது மார்பில் மங்கிய பச்சையில், கோணல்மாணலாக ஒரு பெயர். மலர்விழி.

"அங்கிள், இது மிஷின்ல குத்தினது இல்லையே?"

"தையல் ஊசிமா. அப்போ போர்ட் கிள்ளான்ல லோரியில மூட்டை தூக்கிட்டிருந்தேன். பொண்ணு தரமாட்டேன்னு அவ அப்பா செருப்பைத் தூக்கிட்டாரு. அன்னிக்கே கூட்டாளிகிட்ட ஊசியைக் கொடுத்துக் குத்துடான்னேன். நாலு நாள் காய்ச்சல். அஞ்சாம் நாள் சட்டையைக் கழட்டிட்டு அவ வீட்டு வாசல்ல போய் நின்னேன். அவ அண்ணனுங்க அடிச்சதுல ரெண்டு பல்லு போச்சு."

விஷ்ணுப்ரியாவுக்குச் சிலிர்த்தது. அவளும் போன மாதம்தான் தன் மணிக்கட்டில் 'கிஷன்' என்று எழுதியிருந்தாள்.

"இவ்ளோ செஞ்சிட்டு இப்போ அழிக்கிறீங்களே அங்கிள், மனசுக்குக் கஷ்டமா இல்லையா?"

"சின்ன வயசுக் கிறுக்கு லா. இப்போ பிரஷர் மாத்திரை, கார் லோன், மகள் கல்யாணம்னு ஆயிருச்சு. நேத்து வீட்டுல சொன்னாங்க, சரின்னுட்டேன். சீக்கிரம் முடியுமா? பார்க்கிங் ஒரு மணி நேரத்துக்குத்தான் போட்டிருக்கேன்."

லேசர் பட்ட எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளுத்துத் தடித்தன. பாதியில் அவர் மணி என்ன என்று மட்டும் கேட்டார்.

முடிந்ததும் காரை எடுக்க முதலில் அவர் கிளம்பிவிட்டார். அந்த அம்மாள் அடுத்த தேதியை எழுதிக்கொண்டிருந்தார். விஷ்ணுப்ரியாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஆன்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மலர்விழி இப்போ எங்க இருக்காங்களோ, உயிரோடதான் இருக்காங்களோ. இத்தனை வருஷம் கழிச்சும் அவங்க மேல இவ்ளோ பொறாமையா?"

அந்த அம்மாள் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"நான்தாம்மா மலர்விழி."

வெளியே கார் ஹாரன் இரண்டு முறை அடித்தது.

"ஒரு துண்டைப் போட்டா மறைஞ்சிடும்னு எனக்குத் தெரியாதாம்மா? சும்மாதான் கேட்டுப் பார்த்தேன். 'என்ன வேணா கேளு, இதை மட்டும் கேக்காதே'ன்னு சண்டைக்கு வருவாருன்னு நெனச்சேன்" என்றவர், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அங்க பார்க்கிங் கிடைக்குமான்னுதான் கேட்டாரு."