அட்டைக்கடி

தோட்ட மருந்தகத்தில் டிஸ்பென்சர் ஜதீஸ்வரன் குனிந்து, ரப்பர் பால் வெட்டும் செல்லாயியின் கணுக்காலைப் பார்க்கிறார். காலையில் அட்டை கடித்த இடம். மத்தியானமாகியும், அப்பிய சுண்ணாம்பை நனைத்துக்கொண்டு இரத்தம் மெல்ல இறங்குகிறது. மழை ஓய்ந்த தகரக் கூரை சொட்டுகிறது. "இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பத்திரியில தந்த குளிசையோட வேற என்ன போடுறீங்கள்?" "மருந்து ஒன்னுமில்லைங்க. மக டுபாயிலருந்து அனுப்புன சத்து மாத்திரைதாங்க." மடியிலிருந்து போத்தலை எடுத்து நீட்டுகிறாள். அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கிறார்: உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் என்சைம். "இதை இனித் தொடாதேங்கோ. ரெண்டையும் சேத்துப் போட்டா இரத்தம் நிக்காது." "அட்டை கடிச்சா அப்படித்தாங்க ஒழுகும்" என்று அவள் சிரிக்கிறாள். பல்லிடுக்கெல்லாம் சிவப்பு. "வெத்திலை போட்டனீங்களோ?" "அதை விட்டு ஒரு மாசமாச்சுங்களே."