இருபத்தேழாவது லெவல்

"நான் இல்லாதப்போ இந்த வீட்டுக்கு யார் வந்துட்டுப் போறாங்க?"

கப்பல்காரன் இப்படிக் கேட்டதும், மடித்துக்கொண்டிருந்த துணியை மனைவி அப்படியே மடியில் விட்டுவிட்டாள்.

எட்டு மாதம் கப்பலின் எஞ்சின் அறையில் வெந்துவிட்டு, முந்தின நாள்தான் ஒரு மாத லீவில் வந்திருந்தான். வந்ததும் வராததுமாக இப்படி ஒரு கேள்வி!

"யார் வருவாங்க? தண்ணி கேன் போடறவர் வருவார். ஏங்க?"

"இங்க வந்து பாரு."

சின்ன அறையில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர். அதில் அவன் உயிரையே வைத்திருக்கும் விளையாட்டு. ஒரு கிராமம், சுற்றிலும் காடு, காட்டைத் தாண்டினால் ஒரு பாலம், பாலத்தில் ஒரு பூதம். வீரன் ஒருவனை நடத்திக்கொண்டு போய், எலி, ஓநாய் என்று சின்னதிலிருந்து அடித்துப் பழக்க வேண்டும். அடிக்க அடிக்கப் பலம் கூடும், லெவல் ஏறும். லெவல் பத்தாமல் பாலத்துக்குப் போனால் பூதம் ஒரே தட்டில் ஆளை முடித்துவிடும்.

ஒவ்வொரு லீவிலும் இவன் அவசரப்பட்டுப் பாலத்துக்குப் போவான். அடி வாங்கிச் சாவான். மறுபடி முதல் எலியிலிருந்து ஆரம்பிப்பான்.

"போன தடவை நான் கிளம்பறப்போ இவன் நாலாவது லெவல். இப்போ இருபத்தேழு. தானா ஏறுமா?"

திரையின் ஓரத்தை விரலால் தட்டிக் காட்டினான்.

"தேதி, நேரம் எல்லாம் இதுலயே பதிவாகியிருக்கு. தினமும் மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு. நீ வீட்டுல இருக்கிற நேரம்."

பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது அவள் வேலை. ஒன்றரைக்குச் சாத்தினால் ஐந்துக்குத்தான் திறப்பார்கள்.

"மாடி வீட்டு அக்கா காலையில படியில நிறுத்திச் சொன்னாங்க. 'தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, மத்தியானமானா உங்க வீட்டுக்குள்ள ஆம்பிளைக் குரல் கேக்குது'ன்னு."

அந்த அக்கா 'தப்பா எடுத்துக்காதீங்க' என்று ஆரம்பித்தால், தப்பாக எடுத்துக்கொள்ளத்தான் சொல்கிறார் என்று தெருவுக்கே தெரியும். கப்பலில் கிடப்பவனுக்கு எங்கே தெரியும்?

"இந்தப் பெட்டியை நீ தொட்டது கூடக் கிடையாது. அப்போ என் நாற்காலியில உக்காந்து ஆடினது யாரு?"

அவளுக்குக் கண் கலங்கியது. குரல் மட்டும் கலங்கவில்லை.

"வந்தவன் எப்படி ஆடியிருக்கான்னு பாத்தீங்களா?"

கோபத்திலும் ஆட்டக்காரன் ஆட்டக்காரன்தானே. வீரனின் மூட்டையைத் திறந்து பார்த்தான்.

வாள் இல்லை. ஆரம்பத்தில் சும்மா தருவார்களே, அந்த மரத்தடிதான் இன்னும் கையில். உடம்பில் கவசம் கிடையாது, கிழிந்த சட்டை. வரைபடத்தில் கிராமத்தைச் சுற்றி நாலு வயல் மட்டும் வெளிச்சமாக இருந்தது, மற்றதெல்லாம் இருட்டு. செத்த எலி நாலாயிரத்துச் சொச்சம். ஓநாய் முந்நூறு. வேறு ஒன்றும் இல்லை.

"எந்தப் பைத்தியக்காரன் இருபத்தேழாவது லெவல் வரைக்கும் எலி அடிப்பான்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான். "ஊருக்குள்ளயே வாள் விக்கிற கடை இருக்கே, அது கூடவா தெரியாது?"

"கடை இருக்கா?" என்றாள் மனைவி. "எனக்கு யார் சொன்னா?"

அவன் மெல்லத் திரும்பினான்.

"நீயா?"

"நான்தான். எத்தனை லீவு டீயைக் கையில வச்சுக்கிட்டு உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னிருக்கேன்! எந்த பட்டனை அமுக்கினா தடியை ஓங்குவான்னு கூடவா தெரியாம போகும்? முதல் நாள் எலிகிட்டயே பதினோரு தடவை செத்தேன்."

"அப்போ அந்த ஆம்பிளைக் குரல்?"

"லெவல் ஏறும்போதெல்லாம் உங்க வீரன் தொண்டை கிழியக் கத்தறான். சத்தத்தைக் குறைச்சிருக்கலாம். வீட்டுல ஒரு குரல் கேட்டா நல்லாத்தான் இருந்தது, விட்டுட்டேன்."

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்பிள்ளைகள் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். பேச்சை மாற்றினான்.

"காட்டுக்குள்ள போயிருந்தா இதைப் பத்தே நாள்ல ஏத்தியிருக்கலாமே. ஏன் ஊரைத் தாண்டவே இல்லை?"

"ஊரை விட்டுப் போறதுக்கு இந்த வீட்டுல ஒருத்தர் போதாதா?"

அவன் திரையைப் பார்த்தான். எட்டு மாதம். வேலைக்கும் வேலைக்கும் நடுவில் கிடைத்த ஓய்வு நேரம் மொத்தமும் எலி.

"உனக்கு இந்த விளையாட்டே பிடிக்காதே."

"இப்பவும் பிடிக்கலை. எலிப் படத்தைப் பாத்தாலே குமட்டுது."

"பின்ன எதுக்கு இந்தப் பாடு?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போன லீவுல, தெருமுனை வரைக்கும் சும்மா ஒரு நடை போயிட்டு வரலாமான்னு கேட்டேன். 'ரெண்டு லெவல் ஏத்திட்டு வந்துடறேன்'னீங்க. மறுநாளும் கேட்டேன். அன்னைக்கும் அதேதான். லீவு முடிஞ்சு பெட்டியைத் தூக்கற வரைக்கும் ஏத்திக்கிட்டே இருந்தீங்க. அதான், இந்த லீவுக்கு ஏத்த வேண்டியதை எல்லாம் நானே ஏத்தி வச்சுட்டேன்."