துரையின் பல்செட்

"ஏம்மா ராசாத்தி, செட்டுன்னா என்னன்னே தெரியாம தட்டுவடை செட் போட வந்துட்டியா? மொதல்ல அந்தப் போர்டை எறக்கு!"

ஒண்டிக்கடை முக்கில் சிக்கந்தர் பாய் போட்ட சத்தத்தில், சேலத்திலிருந்து மலையேறி வந்து நின்ற பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

பாய்க்கு அங்கே பல வருஷமாகத் தட்டுவடைக் கடை. ராசாத்தி பக்கத்திலேயே போன மாசம்தான் தள்ளுவண்டி போட்டவள். எஸ்டேட்டில் மிளகு பறிக்க மரம் ஏறிய அவள் புருஷன் பெரியண்ணன் விழுந்து, கால் முறிந்து, கிளியூரில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். இந்த வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அவளிடம் போயா வம்பு வளர்ப்பது?

"ஏனுங்க பாய், ரெண்டு தட்டுவடை, நடுவுல சட்னி, பீட்ரூட்டு, கேரட்டு. எல்லாஞ் சேந்தா ஒரு செட்டுங்க. இதுல என்னங்க தப்பு?"

"எல்லாமே தப்பு! அந்தக் காலத்துல ஒரு வெள்ளக்காரத் துரை இங்க தட்டுவடை தின்னாரு. ஒரே கடி. பல்செட்டு கழண்டு தட்டுல விழுந்துடுச்சு. அன்னையில இருந்துதான் இதுக்குத் தட்டுவடை செட்டுன்னு பேரு!"

"யோவ், அப்ப மைக்செட்டு?" கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"துரைக்குப் பல்லு விழுந்த சேதியை ஊருக்குச் சொல்லணுமில்ல? அதுக்கு வெச்சது!"

"வாலிபால்ல செட்டு வருதே?"

"பல்லு போன மனுசன் வேற என்னத்த பண்ணுவாரு? பந்து வெளையாடுனாரு!"

பாய் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவருக்கே பொறுக்கவில்லை. "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? ஒத்தப் பொம்பளையைப் போட்டு மெரட்டறியே, தூ!" என்று பாதித் தட்டை டொக்கென்று வைத்துவிட்டு, ராசாத்தி வண்டிக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வண்டியைச் சுற்றி நிற்க இடமில்லை. பாய் ஈ ஓட்டினார்.

நல்லா வேணும்!

பாயும் ராசாத்தியும் மறுபடி துரை, பல்செட் என்று மோதிக்கொண்டிருந்தபோதுதான் விஜயகுமார் மனைவி சுஜாதாவோடு காரில் வந்து இறங்கினார். சேலத்தில் ஆங்கிலப் பேராசிரியர். தப்பு விளக்கம் காதில் விழுந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

"நிறுத்துங்கய்யா!" என்று செல்போனில் அகராதியைத் திறந்தார். "செட்டுங்கிற வார்த்தைக்கு ஏகப்பட்ட அர்த்தம். வைக்கிறது, தயிர் உறையறது, சூரியன் மறையறது இதெல்லாம் 'உட்கார வைக்கிறது'ங்கிற பழைய இங்கிலீஷ்ல இருந்து வந்தது. ஒண்ணா சேர்ந்த கூட்டம்ங்கிற அர்த்தம் லத்தீன்ல பொறந்து, பிரெஞ்சு வழியா வந்தது. பேரு ஒண்ணு, பொறந்த வீடு வேற. தட்டுவடை செட் ரெண்டாவது வீட்டுப் பிள்ளை. இந்தம்மா சொன்னதுதான் சரி!"

ஒரே கைதட்டல். இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள்.

தீர்ப்பு வந்த பிறகு அங்கே நிற்க யாருக்கு என்ன வேலை? கூட்டம் படகுத்துறை பக்கம் நடையைக் கட்டியது. ராசாத்தி வண்டியில் துருவிய கேரட் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. ஜெயித்தவள் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

விஜயகுமார் காரில் ஏறினார். பாய் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அய்யோ, அடிக்க வர்றாருங்க!" என்று சுஜாதா தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள்.

"சார், இப்படித் தீத்து வெச்சுட்டீங்களே!"

"பின்னே? கஷ்டப்படற பொம்பளை வயித்துல அடிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

பாய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் புள்ளகிட்டப் போயி சாப்பிடுங்கன்னு நானே ஆளுங்கள அனுப்பிப் பார்த்தேனுங்க. மிச்சம் மீதிய அங்க தள்ளி விடறேன்னு நெனச்சு ஒருத்தரும் போகல. போர்டை எறக்குன்னு கத்துனேன், அத்தனை பேரும் போனாங்க. ஒரு வாரமா பொழுது எறங்கறதுக்குள்ள அதுக்குச் சரக்கெல்லாம் காலிங்க. இது அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா ரோசத்துல வண்டியைக் கட்டிட்டு ஊட்டுக்குப் போயிரும்."

விஜயகுமார் கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க பாய். நாளைக்கு வேற ஆளுங்கதானே வருவாங்க? அதே துரை கதையை..."

"எங்கீங்க! உங்க தீர்ப்பு அதுக்குள்ள ரீல்ஸ்ல ஓடுதுங்க. இனிமே துரை எடுபட மாட்டாரு."

ஜன்னலில் குனிந்து கெஞ்சினார் பாய்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நொம்பக் கூட்டம் வரும். நான் தோக்கறதுக்கு வேற ஒரு வார்த்தை இருந்தா சொல்லிட்டுப் போங்க சார்!"