அட்டைக்குப் பின்னால்

பகடையை அட்டைக்குப் பின்னால் மறைத்து உருட்டு, தேவைப்பட்டால் பொய் சொல், மாட்டிக்கொள்ளாதே. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆட, பகடை முடிவு சொல்லும் இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவர்கள் விமலனுக்குச் சொன்ன அறிவுரை இவ்வளவுதான். ஜெசிந்தா தன் பாத்திரத்துக்கு ரொசாரியோ என்று பெயர் வைத்ததிலிருந்து அவன் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ரொசாரியோ அவளுடைய சொந்த அண்ணனின் பெயர். கடலுக்குப் போன அவனுடைய படகு இன்னும் கரை திரும்பவில்லை. கதைக்குள் இருந்த ரொசாரியோவோ, பகடையின்படி ஓநாய்கள் கடித்தும், தீயில் சிக்கியும் செத்திருக்க வேண்டியவன். ஒவ்வொரு முறையும் விமலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்பிச்சிட்டான்" என்றான்.

இன்று கதையில் ரொசாரியோவின் காலடியில் பாலம் இடிந்தது. பகடையில் ஒன்று விழுந்தால் அவன் ஆற்றோடு போவான். விமலனின் வியர்த்த கை பட்டு அட்டை சரிய, பகடை ஓடிப்போய் ஜெசிந்தாவின் முன்னால் நின்றது. மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் அவள் அதை உள்ளங்கையால் பொத்தினாள். அவளும் பார்க்கவில்லை.

"கைய எடு ஜெசி, பாப்போம்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அவள் மறுகையால் அட்டையை நிமிர்த்தி, விமலனுக்கு முன்னால் சரியாக வைத்தாள்.

"என்ன விழுந்துச்சு? எப்பவும் போல நீயே சொல்லு விமலா."

விமலன் தொண்டையைச் செருமினான்.