முக்கால் சைஸ்

தையல்காரர் சுவரில் தொங்கிய கிடாரை இறக்கச் சொன்னார். இறக்கி வைத்ததுதான் தாமதம், கழுத்தில் கிடந்த டேப்பை உருவி அதை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

நீளம். இடுப்பு. கனம். ஒவ்வொன்றையும் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

கடைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"என்ன சார், அதுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"ஆளுக்குத் தகுந்த சட்டைதாம்மா தைக்கணும். சட்டையை வச்சுக்கிட்டு ஆளைத் தேட முடியுமா?"

யாருக்கு என்று கேட்டாள். மகளுக்கு. வயது? பன்னிரண்டு. இதற்கு முன்னால் வாசித்திருக்கிறாளா? இல்லை, இதுதான் முதல்.

"பாப்பாவையே கூட்டிட்டு வந்திருக்கலாமே சார்."

"ஞாயித்துக்கிழமைதான் வர்றா. வந்ததும் கையில குடுக்கணும். இதுவும் சரியா அமையலைன்னா, மறுபடி எப்ப வருவாளோ."

தாயிடம் வளரும் பிள்ளை போலிருக்கிறது என்று கடைப் பெண் நினைத்துக்கொண்டாள். "சரி சார்" என்ற அவள் குரல் இறங்கியதிலேயே அது அவருக்குத் தெரிந்தது. அவர் திருத்தவில்லை.

நோட்டை முன்பக்கமாகப் புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தினார். ஓரத்தில் வெளிர்நீலச் சீருடைத் துணியில் ஒரு துண்டு, குண்டூசியால் குத்தியிருந்தது. ஊசியைச் சுற்றித் துணி பழுத்திருந்தது.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை பத்தொன்பதரை. உள்ளங்கைச் சுற்று ஆறரை. அவர் வாசிக்க வாசிக்க, அவள் பெரிய கிடார்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினாள்.

"முக்கால் சைஸ் சரியா வரும் சார். நைலான் கம்பி போட்டுக்கலாம், புதுசா பழகுற விரலுக்கு அவ்வளவா வலிக்காது."

அவர் நைலானை ஒருமுறை அழுத்தினார். இரும்புக் கம்பியை ஒருமுறை அழுத்தினார். நாற்பது வருடம் ஊசி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

"எனக்கு எதுவும் உறைக்காது. நீ அமுத்திச் சொல்லும்மா."

அவள் அழுத்திப் பார்த்து, நைலான்தான் என்றாள்.

"எந்தக் கைப் பழக்கம்?"

இதற்கு அவர் நோட்டைப் பார்க்கவில்லை.

"இடது கை. எல்லாருக்கும் சட்டைப் பை இடது பக்கம் வச்சா, அவளுக்கு மட்டும் வலது பக்கம் வச்சுக் குடுப்பேன். பேனா எடுக்கத் தோதா இருக்கும்ல. பள்ளிக்கூடத்துல சீட்டு எழுதி அனுப்பினாங்க. மாத்த மாட்டேன்னுட்டேன்."

இடது கைக்காரர்களுக்கான முக்கால் சைஸ் ஒன்றே ஒன்று மேல் தட்டில் கிடந்தது. யாரும் கேட்டு வராததால் தூசி ஏறியிருந்தது. அவள் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். அவர் தன் கைக்குட்டையால் அதைத் துடைத்தார், மூலை மூலையாக.

மகள் கிடார் கேட்டது சீருடைக்கு அளவெடுக்க நின்றபோதுதான். பள்ளி திறக்கிற சீசன். மேசையில் நானூறு சீருடைகள் வெட்டக் கிடந்தன. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றவள், "எனக்கு ஒரு கிடார் வேணும்ப்பா" என்றாள்.

அவர் வாய் நிறையக் குண்டூசி. அதனால் தலையை மட்டும் ஆட்டினார்.

சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவள் சரி என்றே எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே தன் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்து வைத்தாள்.

அந்த ஆணியில் பிறகு அவருடைய குடை தொங்கியது.

"அளவு எப்ப எடுத்தது சார்?" கடைப் பெண் உறையைத் திறந்தபடி கேட்டாள். "இந்த வயசுல மளமளன்னு வளந்துருவாங்க. ஆறு மாசம் ஆயிருச்சுன்னா, பேசாம பெரிய சைஸுக்குச் சொல்லி வச்சிருங்க."

போன வருடத்து அளவில் அவர் யாருக்கும் துணி வெட்டியதில்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று எத்தனையோ பேரைக் கடை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறார். அவசரம் என்று கெஞ்சியவர்களையும்கூட.

டேப்பின் நுனியை விரலில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"இதையே குடும்மா. கேட்டப்ப இதுதான் அவ அளவு."

அவளுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. உத்தரவாதச் சீட்டை எடுத்து, விவரம் எழுதுவதற்காக நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

எந்த அளவானாலும் பக்கத்தின் வலது மூலையில் தேதி போடுவது அவர் வழக்கம். நாள், மாதம், வருடம், கீழே ஒரு கோடு.

அவள் பேனா அந்த மூலையில் நின்றது. உதடுகள் மெல்ல அசைந்தன. பன்னிரண்டோடு பத்தொன்பதை ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். நம்பாமல் இன்னொருமுறை கூட்டினாள்.

"சார்... இதுல போட்டிருக்கிற வருஷம்தான் நான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தேன்."

தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டு, இரண்டு நுனியையும் சமமாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்படியா? யூனிஃபார்ம் எங்க தைச்சாங்கம்மா?"

 சீட்டில் வயது என்ற இடத்தைக் காலியாக விட்டாள். பிறகு கிடாரின் தோள்வாரை எடுத்து, ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளுக்கு, கடைசித் துளை வரைக்கும் சுருக்கி மாட்டினாள்.